செல்லப்பிராணியை ஆயில் பெயிண்டிங்காக வரையச் சொல்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஓவியருக்கு உங்கள் நாயைத் தெரியாது. அது ஒரு காதை மட்டும் மடக்கிக்கொண்டு கேட்கும் என்பதோ, வலது கண்ணுக்கு மேலே சின்னத் தழும்பு ஒன்று உண்டு என்பதோ, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முகமே மாறிவிடும் என்பதோ அவருக்கு எப்படித் தெரியும்? நீங்கள் அனுப்பும் நாலைந்து போட்டோவும் அதோடு எழுதும் பத்து வரியும்தான் அவர் கையில் இருப்பவை. படம் வந்து சேர்ந்த பிறகு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா நம்ம டாமி மாதிரி இல்லையே" என்று வீட்டில் யாராவது சொன்னால், பெரும்பாலும் குறை தூரிகையில் இருக்காது, அனுப்பிய போட்டோவில் இருக்கும். அதனால் இங்கே போட்டோவுக்கும் ஓவியரோடு பேசுவதற்கும்தான் அதிக இடம். பிரேம், ஆணி எல்லாம் பிறகு.

1. ஆயில்தான் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்

நிறமித் தூளை எண்ணெயில், பெரும்பாலும் ஆளி விதை எண்ணெயில், குழைத்ததுதான் ஆயில் பெயிண்ட். வாட்டர்கலரில் நீர் ஆவியாகிப் போவதால் வண்ணம் உலர்கிறது. ஆயிலில் அப்படி இல்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்ல இறுகுகிறது. நேற்று வைத்த வண்ணத்தின் ஓரத்தை இன்றைக்கும் தூரிகையால் கலைத்து மிருதுவாக்கலாம். ரோமம் பின்னணியோடு கரையும் இடம், ஈர மூக்கின் பளபளப்பு, கண்ணின் ஆழம் இவற்றையெல்லாம் கொண்டுவர இந்த நிதானம் ரொம்பவே உதவும்.

லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் யான் வான் ஐக்கின் ஆர்னோல்ஃபினி ஓவியம் 1434-இல் தீட்டப்பட்டது. அதில் தம்பதியின் காலடியில் நிற்கும் குட்டி நாயின் முடி இழை இழையாகத் தெரியும். அதே கேலரியில் ஜார்ஜ் ஸ்டப்ஸ் 1762 வாக்கில் வரைந்த விசில்ஜாக்கெட் என்ற குதிரையும் இருக்கிறது. சுமார் 2.9 மீட்டர் உயரக் கித்தான் (கேன்வாஸ்), பின்னால் மரம் இல்லை, வானம் இல்லை, முன்னங்காலைத் தூக்கி நிற்கும் குதிரை மட்டும். இரண்டும் ஆயில்தான். ஒன்று நுணுக்கத்தால் நிற்கிறது, மற்றது வேண்டாததை எல்லாம் விட்டதால் நிற்கிறது. உங்களுக்கு எது பிடிக்கிறது என்று யோசித்து வையுங்கள், ஓவியரைத் தேடும்போது உதவும்.

அவசரம் என்றால் மட்டும் ஆயில் வேண்டாம். அடுக்கடுக்காகத் தீட்டும் படத்துக்கு, பேச்சு தொடங்கியதிலிருந்து கைக்கு வரும்வரை இரண்டு மூன்று மாதமாவது விடுவது நல்லது. இரண்டு வாரத்தில் பிறந்தநாள் வருகிறது என்றால் அக்ரிலிக், பேஸ்டல், கலர் பென்சில் இவற்றில் ஒன்றைப் பாருங்கள். பேஸ்டலில் ரோமம் பிரமாதமாக வரும். ஆனால் அதற்குக் கண்ணாடி போட்ட பிரேம் கட்டாயம்.

2. நீங்கள் வாங்கப்போவது கையால் தீட்டியதுதானா?

'கேன்வாஸ் ஓவியம்' என்ற பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. போட்டோவை கம்ப்யூட்டரில் ஓவியம் மாதிரி மாற்றி கேன்வாஸில் அச்சடித்து, மேலே தெளிவான ஜெல்லைத் தூரிகைத் தடம் தெரியும்படி பூசுவது ஒன்று. அச்சடித்த படத்தின் மேலேயே அங்கங்கே பெயிண்ட் வைப்பது இன்னொன்று. வெறும் கேன்வாஸில் ஆரம்பித்து முழுக்கக் கையால் தீட்டுவது மூன்றாவது. முதல் இரண்டும் குற்றமில்லை, சொல்லிவிட்டு விற்றால் சரி. மூன்றாவதன் விலைக்கு முதலாவதைத் தள்ளிவிடுவதுதான் பிரச்சினை. நாய்க்குத் தளபதியின் சீருடை மாட்டிய படங்களில் பெரும்பாலானவை, தயாராக இருக்கும் உடல்மேல் தலையை ஒட்டி அச்சடிப்பவை. வேடிக்கைக்கு வாங்கலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஓவியர் முன்பு செய்த படம் ஒன்றைப் பக்கவாட்டு வெளிச்சத்தில், சாய்வாக எடுத்த போட்டோ கேளுங்கள். கையால் தீட்டியதில் பெயிண்ட் ஓரிடத்தில் மேடாகவும் இன்னோரிடத்தில் கித்தானின் நெசவு தெரியுமளவு மெல்லிதாகவும் இருக்கும், அந்த மேடு பள்ளம் வரைந்த வடிவத்தோடு சேர்ந்தே போகும். ஜெல் பூசியதில் தடம் ஒரு திசையில் ஓடும், கீழே இருக்கும் மூக்கும் மீசையும் அதைக் கண்டுகொள்ளாமல் இருக்கும். படத்தின் பின்பக்கம், விளிம்பு, பாதி வேலையில் எடுத்த போட்டோ இவற்றையும் கேட்கலாம். ஏ.ஐ. படங்கள் மலிந்துவிட்ட இந்தக் காலத்தில் பாதி வேலைப் படங்களுக்கு மதிப்பு அதிகம். ஒழுங்காக வேலை செய்பவர்கள் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொரு கேள்வியையும் கூச்சப்படாமல் கேளுங்கள்: "மாதிரிப் படங்களை வரைந்தவரே என் படத்தையும் வரைவாரா?" பல பேர் சேர்ந்து வேலை செய்யும் இடங்களில் பதில் எப்போதும் 'ஆமாம்' என்று இருக்காது.

3. ஓவியரைத் தேர்ந்தெடுப்பது

மாதிரிகளைப் பார்க்கும்போது முதலில் கண்களைப் பாருங்கள். எல்லா நாய்க்கும் ஒரே கண்ணை மாட்டிவிட்ட மாதிரி இருந்தால் அவர் பார்த்து வரையவில்லை, பழக்கத்தில் வரைகிறார். ஒவ்வொரு விலங்கும் வேறு வேறு ஆளாகத் தெரிய வேண்டும்.

அடுத்து, உங்களிடம் இருக்கும் பிராணியின் ரோமத்தை அவர் ஏற்கெனவே கையாண்டிருக்கிறாரா என்று பாருங்கள். கறுப்பு ரோமம்தான் பெரிய சோதனை. கறுப்பு நாயில் சுத்தக் கறுப்பு வெகு குறைவு. ஜன்னல் பக்கம் இருக்கும் முதுகில் நீலச் சாயல் ஏறும், வெயில் பட்டால் செம்பழுப்பு தெரியும். இது புரிந்தவரின் கறுப்பு நாய் உருண்டு திரண்டு இருக்கும். புரியாதவரின் நாய், வெட்டி ஒட்டிய நிழல் போல் தட்டையாக இருக்கும். வெள்ளைப் பூனைக்கும் இதே கதைதான், நிழல் பக்கத்தில் சாம்பல், நீலம், இளமஞ்சள் எல்லாம் இருக்க வேண்டும். கிளி, முயல், மீன் என்றால் அதே வகையில் ஒரு மாதிரியாவது பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

முடிந்தால், முடித்த படத்தையும் அதற்கு ஆதாரமான போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அழகான நாய்ப் படம் வரைவது வேறு, அந்த நாயை வரைவது வேறு.

பாணி விஷயத்தில் என் கருத்து உறுதியானது: ஒருவருடைய பாணி பிடித்தால் அவரிடம் போங்கள், பிடிக்காவிட்டால் வேறு ஆளைத் தேடுங்கள். பட்டையாக, துணிச்சலாகத் தூரிகை இழுப்பவரிடம் "ஒவ்வொரு முடியும் தெரியணும்" என்று கேட்டால் இருவருக்கும் வருத்தம்தான் மிஞ்சும். ஈர வண்ணத்தின்மேல் ஈர வண்ணமாக ஓரிரு அமர்வில் முடிப்பவர்களும் உண்டு, ஒவ்வொரு அடுக்கும் காயக் காத்திருந்து மாதக் கணக்கில் தீட்டுபவர்களும் உண்டு. முதல் வகையில் உயிர்ப்பு அதிகம், இரண்டாவதில் நுணுக்கம் அதிகம்.

4. போட்டோ: பாதி வேலை இங்கேதான்

எல்லோரும் செய்வது ஒன்று உண்டு. போனில் இருப்பதிலேயே அழகான போட்டோவை எடுத்து அனுப்பிவிடுவார்கள். நீங்கள் தேட வேண்டியது அந்தப் பிராணி தன் இயல்பில் இருக்கும் போட்டோவை. எப்போதும் முறைத்துக்கொண்டே இருக்கும் பூனையை, ஒரே ஒரு நாள் கொஞ்சிய போட்டோவை வைத்து வரைந்தால் அது யார் வீட்டுப் பூனையோ ஆகிவிடும்.

பிராணி இன்னும் உங்களோடு இருந்தால் புதிதாகவே எடுங்கள். போனைக் கீழே இறக்குங்கள், அதன் கண் மட்டத்துக்கு வாருங்கள். வேண்டுமென்றால் தரையில் படுங்கள். மேலிருந்து எடுத்தால் தலை பெருத்து, கால் சிறுத்து, கார்ட்டூன் போல் ஆகும். கிட்டே போய் எடுப்பதும் ஆபத்துதான். போனின் முதன்மை லென்ஸ் அகலக் கோணம் கொண்டது, மூக்குக்கு அருகே பிடித்தால் மூக்கு வீங்கி, காது பின்னால் ஓடிவிடும். நாம் போனில் பார்த்துப் பழகியதால் இது கண்ணுக்குத் தெரியாது, கேன்வாஸில் அப்பட்டமாகத் தெரியும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று, இரண்டு அல்லது மூன்று மடங்கு ஜூம் வைத்து எடுங்கள்.

வெளிச்சத்துக்கு ஜன்னல் போதும். பிராணியை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்காரவைத்தால் முகத்தின் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலுமாக வடிவம் எழும்பி நிற்கும், கண்ணிலும் ஜன்னலின் சிறு வெள்ளைப் புள்ளி விழும். அந்தப் புள்ளி இல்லாத கண் மங்கித் தெரியும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். நாய், பூனையின் விழித்திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருக்கிறது. ஃபிளாஷ் பட்டதும் கண் பச்சையாகவோ மஞ்சளாகவோ எரிவது அதனால்தான். அப்புறம் உண்மையான கண் நிறத்தை ஓவியர் ஊகித்துத்தான் வைக்க வேண்டியிருக்கும். பூனைக்கு இன்னொரு கவனம்: கடும் வெளிச்சத்தில் கண்பாவை கோடாகச் சுருங்கும், இருட்டில் கண் முழுக்க விரியும். இரண்டுக்கும் நடுவே, மிதமான வெளிச்சத்தில் எடுத்தால் முகம் சாந்தமாக இருக்கும்.

கறுப்புப் பிராணி என்றால் திரையில் அதன்மேல் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள், வெள்ளை என்றால் குறையுங்கள். பின்னணி கெட்டாலும் பரவாயில்லை, ரோமத்தின் விவரம் கிடைத்தால் போதும். பியூட்டி மோட், ஃபில்டர் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

ஒரு போட்டோவால் எல்லாம் ஆகிவிடாது. முதன்மைப் போட்டோ ஒன்று: இதே நிலை, இதே வெளிச்சம்தான் படமாகப் போகிறது. அதோடு கண், மூக்கு, காது ஆகியவற்றின் நெருக்கமான போட்டோக்கள், பகலில் வெளியே எடுத்த நிறப் போட்டோ ஒன்று, உடல் முழுதும் தெரியும்படி ஒன்று. பத்து விநாடி வீடியோவும் அனுப்பலாம். நின்ற படத்தில் தெரியாத தலைச் சாய்வும் வாயின் அசைவும் அதில் ஓவியருக்குக் கிடைக்கும். நிறம் தொடர்பாக எந்தப் போட்டோவை நம்ப வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் ஒரே நாய் குழல் விளக்கில் பச்சையாகவும் மாலை வெயிலில் ஆரஞ்சாகவும் தெரியும்.

அனுப்பும் முறையும் முக்கியம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் போட்டோ சுருங்கி விவரம் போய்விடும். டாக்குமெண்டாகவோ மின்னஞ்சலிலோ மூலக் கோப்பையே அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட் அனுப்பாதீர்கள். ஸ்டுடியோக்காரர் எடுத்த போட்டோ என்றால் அவரிடம் ஒரு வார்த்தை அனுமதி கேட்டுக்கொள்வது முறை.

இறந்துபோன பிராணி என்றால்

புதிதாக எடுக்க வழியில்லை, இருப்பதை வைத்துத்தான் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் தேடி எடுங்கள். உறவினர், நண்பர் போன்களில் எவ்வளவோ கிடக்கும். பழைய வீடியோவிலிருந்து ஒரு பிரேமை நிறுத்தி எடுப்பதும் கைகொடுக்கும். பிறகு எந்த வயதில் வரைய வேண்டும் என்று தீர்மானியுங்கள். கடைசிக் காலத்தில் முகவாய் நரைத்து, கண்ணில் வெண்படலம் படர்ந்திருந்திருக்கலாம். சிலருக்கு அந்த முகம்தான் வேண்டும், சிலருக்கு ஐந்து வயதுத் துள்ளல் வேண்டும். வீட்டில் எல்லோரையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள், இதில்தான் பிறகு மனக்கசப்பு வருகிறது.

நிலைக்கு ஒரு போட்டோ, நிறத்துக்கு இன்னொன்று என்று சேர்ப்பது நல்ல ஓவியருக்கு முடியும் காரியம். ஆனால் ஒரு போட்டோவில் வெளிச்சம் இடமிருந்தும் மற்றதில் வலமிருந்தும் வந்தால் தலையையும் உடலையும் ஒட்டுவது கடினம். மங்கலான ஒரே ஒரு போட்டோதான் இருக்கிறது என்றால், சிறிய அளவில், தளர்வான பாணியில் வரையும் ஓவியரிடம் கொடுங்கள். இல்லாத விவரத்தைக் கேட்டால் அவர் கற்பனை செய்துதான் தர வேண்டும், அது வேறு நாயாகிவிடும்.

5. கூடவே ஒரு குறிப்பு எழுதுங்கள்

"ரொம்பப் பாசமான நாய்" என்று எழுதினால் ஓவியருக்கு எந்தப் பயனும் இல்லை. கண்ணுக்குத் தெரியும் விஷயங்களை எழுதுங்கள். இடது காது நுனியில் வெட்டு. மூக்கின் கீழ்ப்பகுதி இளஞ்சிவப்பு. வாலில் மட்டும் ரோமம் சுருண்டிருக்கும். கழுத்துப் பட்டை சிவப்புத்தான், போட்டோவில் பழுப்பாகத் தெரிகிறது. இந்தப் பட்டை வேண்டும், அந்தக் கயிறு வேண்டாம். கண்ணோரக் கறையை எடுத்துவிடலாம், தழும்பை எடுக்கக் கூடாது.

கடைசியில் ஒரு வரி: இந்த முகத்தில் எது தவறினால் இது உங்கள் பிராணி இல்லை என்று தோன்றும்? யோசித்து எழுதுங்கள். நல்ல ஓவியர்கள் மற்றதைவிட இந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள்.

6. அளவும் பின்னணியும்

தலையும் தோளும் மட்டும் என்றால் 11 × 14 அல்லது 12 × 16 அங்குலம் நன்றாக இருக்கும். முழு உடலுக்கு 16 × 20-இல் தொடங்குங்கள். முகத்தை இயல்பான அளவுக்கோ கொஞ்சம் சிறியதாகவோ வைத்தால் அறையில் இருக்கும்போது பொருத்தமாகத் தெரியும், இயல்பைவிடப் பெரிதாக்கினால் பூனைக்கும் புலி முகம் வந்துவிடும். ஒரு செய்தித்தாளை அந்த அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் பாருங்கள், குழப்பம் தீர்ந்துவிடும்.

பின்னணிக்கு எளிமையையே சிபாரிசு செய்வேன். உங்கள் சோபா, திரைச்சீலை, டிவி எதுவும் வேண்டாம். கறுப்பு நாய்க்குப் பின்னால் நடுத்தர அடர்த்தியுள்ள சூடான நிறம், வெள்ளைப் பூனைக்குப் பின்னால் கொஞ்சம் அடர்ந்த நிறம் என்று பொதுவாகச் சொல்லலாம். மிச்சத்தை ஓவியரிடம் விட்டுவிடுங்கள். அறைச் சுவரின் நிறத்தைச் சொன்னால் போதும்.

இரண்டு மூன்று பிராணிகள் ஒரே படத்தில் வேண்டுமென்றால் ஒன்றாக, ஒரே வெளிச்சத்தில் எடுத்த போட்டோ தேடுங்கள். இல்லாவிட்டால் எது எவ்வளவு உயரம் என்றாவது எழுதி அனுப்புங்கள். தனித்தனியாக, ஒரே அளவில், பக்கத்தில் பக்கத்தில் மாட்டும் படங்கள் பல சமயம் இதைவிட நன்றாக அமையும்.

7. பணமும் எழுத்தும்

விலையை அளவு, தலைகளின் எண்ணிக்கை, பின்னணி, நுணுக்கம், ஓவியரின் அனுபவம் ஆகியவை தீர்மானிக்கும். முன்பணமாக மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை கேட்பது சகஜம். முழுத் தொகையையும் முன்கூட்டியே கேட்பவரிடம் ஏன் என்று கேளுங்கள்.

வக்கீல் பத்திரம் தேவையில்லை, ஒரு மின்னஞ்சல் போதும். அளவு, எதன்மேல் தீட்டுவது, எத்தனை பிராணி, மொத்தத் தொகை, முன்பணம், முடியும் தேதி, எத்தனை முறை திருத்தம் கேட்கலாம், எந்தக் கட்டத்துக்குப் பிறகு கேட்க முடியாது, அனுப்பும் செலவு யாருடையது, வழியில் சேதமானால் என்ன, பாதியில் நிறுத்தினால் முன்பணம் என்னவாகும் என்று எல்லாம் அதில் இருக்கட்டும். பதிப்புரிமையையும் குறிப்பிடுங்கள். வாங்கிய படத்தைப் பிரதி எடுத்து விற்கும் உரிமை யாருக்கு என்பதில் நாட்டுக்கு நாடு சட்டம் மாறும், எழுதிவைத்தால் சண்டையில்லை. ஓவியர் தன் மாதிரிகளில் உங்கள் படத்தைக் காட்டலாமா என்பதும் இதில் அடங்கும்.

பொருள்களைப் பற்றியும் இரண்டு கேள்வி. கித்தான் பருத்தியா லினனா, பெயிண்டுக்கு அடியில் அதன்மேல் என்ன பூச்சு? பெயிண்ட் குழாயில் ஒளித்தாங்கு தரம், அதாவது வெளிச்சத்தில் வெளுக்காமல் தாங்கும் தரம், ஏ.எஸ்.டி.எம். (தர நிர்ணய அமைப்பு) அளவுகோலில் 1 அல்லது 2 என்று இருக்கிறதா? அலிசரின் கிரிம்சன் என்ற பழைய சிவப்பு, அழகாக இருந்தாலும் வெளிச்சத்தில் வெளுக்கக்கூடியது. நாக்கின் சிவப்பும் மூக்கின் இளஞ்சிவப்பும் முதலில் போய்விட்டால் நன்றாகவா இருக்கும்?

8. ஸ்கெட்ச் வந்ததும் வாயைத் திறங்கள்

"ஸ்கெட்ச்தானே, பெயிண்ட் அடிச்சா சரியாயிடும்" என்று நினைத்து ஒப்புதல் கொடுத்துவிடாதீர்கள். கண்களுக்கு இடையே உள்ள தூரம், மூக்கின் நீளம், காதின் இடம் எல்லாம் கோட்டிலேயே முடிவாகின்றன. பெயிண்ட் ஏறிய பிறகு கண்ணை அரை செ.மீ. நகர்த்துவது என்றால் முகத்தையே சுரண்டி மறுபடி வரைவது என்று அர்த்தம். ஸ்கெட்சையும் போட்டோவையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, இரண்டையும் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். தலைகீழாகப் பார்க்கும்போது மனம் முகத்தைத் தேடாது, அளவுகள் மட்டும் கண்ணில் படும், பிசகு சட்டென்று தெரியும்.

அடுத்து வரும் அடிவண்ணப் படத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். பழுப்பும் சாம்பலுமாக, திட்டுத் திட்டாக இருக்கும். ரோமத்தை முதலில் நிழல் வெளிச்சத் திரளாக வைத்துவிட்டு, முடியைக் கடைசியில் சில இடங்களில் மட்டும் தொடுவதுதான் வழக்கம்.

கடைசிக் கட்டப் போட்டோ வந்ததும் உடனே பதில் போடாதீர்கள். ஒரு நாள் வைத்து, அந்தப் பிராணியை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் ஒன்றும் சொல்லாமல் காட்டுங்கள். பிறகு திருத்தங்களை எல்லாம் ஒரே கடிதத்தில், இடம் குறித்து எழுதுங்கள்: "வலது கண்ணின் மேலிமை இன்னும் கொஞ்சம் தாழ்ந்திருக்கும்." "ஏதோ சரியில்லை" என்றால் அவர் என்ன செய்வார்? நிறத்தைப் பற்றி மட்டும் அவசரப்படாதீர்கள், உங்கள் திரையும் அவர் கேமராவும் சேர்ந்து ஏமாற்றும். பகல் வெளிச்சத்தில் எடுத்த போட்டோ இன்னொன்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

9. காய்வதற்கும் பயணத்துக்கும்

மெல்லிய அடுக்கு சில நாளில் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரும், தடித்த வெள்ளைக்கு வாரக் கணக்கில் ஆகலாம். அம்பர் என்ற மண் பழுப்பு சீக்கிரம் காயும், ஐவரி பிளாக் என்ற கறுப்பு தாமதமாகும். இதனால் கறுப்பு நாய் படத்துக்கு நாள் கூடினால் ஓவியரைத் திட்டாதீர்கள். உள்ளே முழுக்க இறுக ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை ஆகும். வழக்கமான வார்னிஷ் அதற்குப் பிறகுதான். சீக்கிரமே பூசக்கூடிய நவீன வார்னிஷ்களும் உண்டு. உங்கள் படத்துக்கு எது, எப்போது, யார் பூசுவது என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

பேக்கிங்கில் ஒரு விதி: பபிள் ராப் பெயிண்டை நேரடியாகத் தொடக் கூடாது. குமிழ்கள் வட்ட வட்டமாகத் தடம் பதித்துவிடும். முதலில் கிளாசின் போன்ற வழவழப்பான தாள், மூலைகளுக்குக் காப்பு, இரு பக்கமும் கெட்டி அட்டை, அப்புறம் பபிள் ராப், பெட்டி. சுருட்டி அனுப்புவதாக இருந்தால் பெயிண்ட் பக்கம் வெளியே இருக்க வேண்டும், குழாய் அகலமாக இருக்க வேண்டும். வந்ததும் பிரித்துவிடுங்கள், பெட்டியைப் பிரிக்கும் முன்னும் பின்னும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

10. மாட்டுவது

நேர் வெயில், அடுப்பு, ஈரம் ஏறும் வெளிச்சுவர் மூன்றும் ஆகாது. அதற்காக இருட்டிலும் வைக்காதீர்கள், ஆளி விதை எண்ணெய் இருட்டில் மஞ்சளிக்கும். ஆயிலுக்குக் கண்ணாடி தேவையில்லை. போட்டே ஆக வேண்டுமென்றால் பெயிண்டைத் தொடாதபடி இடைவெளி விட்டுப் போடச் சொல்லுங்கள். தூசிக்கு மென்மையான காய்ந்த தூரிகை போதும். ஈரத்துணி, எண்ணெய், கிளீனர் எதையும் கொண்டுபோகாதீர்கள்.

பின்பக்க மரச்சட்டத்தில் பிராணியின் பெயர், ஓவியரின் பெயர், ஆண்டு மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். வார்னிஷ் பூசியதும் அதன் பெயரையும் தேதியையும் அங்கேயே சேர்த்துவிடுங்கள். பல வருடம் கழித்து யாராவது படத்தைச் சுத்தம் செய்ய எடுத்தால், அந்த வார்னிஷை எதைக் கொண்டு கரைப்பது என்று அவர் முதலில் தேடுவது அந்தக் குறிப்பைத்தான்.